இரண்டாவது குளியலறை

டுலூத்தில், ஏரியை நோக்கி இறங்கும் தெருவில்,
நேற்றிரவு பதினொன்றே காலுக்கு எங்கள் வீட்டின் விலை
இரண்டு லட்சத்து நாற்பத்தோராயிரத்து இருநூறு டாலர்.
பல் துலக்கிவிட்டு வந்து பார்த்தால்
எண்ணூறு குறைந்திருந்தது.
ராத்திரியில் என்ன செய்துவிட்டது இந்த வீடு?
என்னோடு தூங்கத்தானே செய்தது.

ஆளுக்குப் பாதி என்றார் வக்கீல்.
எதில் பாதி என்று சொல்லவில்லை.
ரோலண்ட் ஒரு தளத்தைக் காட்டுகிறான்,
நான் இன்னொன்றை.
அவன் எண்ணுக்கும் என் எண்ணுக்கும் நடுவே
ஒரு கார் நிறுத்தலாம்,
மூத்தவளை இரண்டு வருஷம் படிக்கவைக்கலாம்.
இரண்டின் அடியிலும் பொடி எழுத்தில் ஒரே வரி:
இது மதிப்பீடு மட்டுமே, உண்மை விலை மாறலாம்.
எங்கள் கல்யாணத்தில் யாரும்
பொடி எழுத்தில் எதுவும் தரவில்லை.

அதற்கு என்னதான் தெரியும்?
சதுர அடி தெரியும். கட்டிய ஆண்டு தெரியும்.
பக்கத்துக் கசுபா வீடு போன விலை தெரியும்;
மகனின் கடனுக்காக
வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள் என்பது தெரியாது.
ஏப்ரலில் பனி உருகும்போது
நிலவறைச் சுவர் வியர்ப்பது தெரியாது.
இரும்புத் தாது ஏற்ற வரும் கப்பல்
தூக்குப் பாலத்தின் கீழ் நுழையும்போது
ஒரு நெடில், இரண்டு குறில் ஊதும்;
பாலமும் அதையே திருப்பிச் சொல்லும்;
எங்கள் படுக்கையறைக் கண்ணாடி மெல்ல அதிரும்.
அதற்கு எத்தனை டாலர்
கூட்டுவதா கழிப்பதா
எனக்கே தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை அவன் தளத்தில்
ஒரேயடியாகப் பத்தொன்பதாயிரம் ஏறியது.
வட்டி விகிதம் அசையவில்லை.
தெருவில் எதுவும் விற்கவில்லை.
விவரங்களைத் திறந்தேன்.
படுக்கையறை மூன்று. சரி.
கூரை, தார் ஓடு. சரி.
குளியலறை இரண்டு.
'உரிமையாளர் தந்த தகவல்.'

படியிறங்கிப் போய் விளக்கைப் போட்டேன்.
சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு
வாயடைத்த செம்புக் குழாய்.
தரையில் அவன் சாக்பீஸால் போட்ட கோடுகள்:
இங்கே தொட்டி, இங்கே பேசின், இங்கே கதவு.
பதினோரு குளிர்காலம் 'வர்ற வசந்தத்துல' என்றான்.
காலை ஏழு மணிக்கு
ஒரே கதவின் முன் நான்கு பேர் நின்றோம்,
தோளில் துண்டோடு.
இப்போது ஒரு ஓடு ஒட்டாமல்,
விரல் நுனியில் கட்டி முடித்துவிட்டான்.

கோபம் வந்திருக்க வேண்டும்.
ஆனால், சொல்லிவிடுகிறேன்,
என் தளத்தில் கார் கொட்டகையை இடித்தவள் நான்.
போன மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை,
காப்பி ஆறுவதற்குள்.

வங்கி அனுப்பிய ஓடிகார்ட் அம்மாள்
காலணிக்கு மேல் நீல உறை மாட்டிக்கொண்டு வந்தார்.
அலமாரியைத் திறந்தார், மூக்கைச் சுளித்தார், குறித்தார்.
'கொட்டகை இல்லைன்னு ஒரு இடத்துல பார்த்தேன்.
இருக்கே?'
இருக்கிறது என்றேன்.
'ரெண்டாவது குளியலறை?'
கீழே கூட்டிப்போய்க் கோடுகளைக் காட்டினேன்.
அவர் சிரிக்கவில்லை.
கதவாக வேண்டிய இடத்தில் நின்று
லேசரை அழுத்தினார்.
எதிர்ச் சுவரில் ஒரு சிவப்புப் புள்ளி.
'எட்டடி. தாராளமா வரும்,' என்றார்.
படிவத்தில் எழுதினார்: ஒன்று.

அவர் போட்ட விலை
இரண்டு தளங்களுக்கும் நட்டநடுவில் விழுந்தது.
ரோலண்ட் ஏமாந்துவிட்டதாக நினைக்கிறான்.
நானும்தான்.

கொட்டகையைத் திரும்பக் கட்டிவிட்டேன்.
அவன் தளத்தில் இன்னும் குளியலறை இரண்டு.
'தவறா? திருத்துங்கள்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது.
தொடவில்லை.
எங்கோ ஒரு இடத்திலாவது
சொன்ன சொல்லைச் செய்திருக்கிறான்.

பிளம்பரை மட்டும் வரச் சொல்ல வேண்டும்.
அந்தக் குழாய்
சொட்ட ஆரம்பித்திருக்கிறது.